உரிமக் கோப்பு இல்லாத இரண்டு வருடங்கள்

வேலைக்காக நாங்கள் எழுதிய ஒரு சின்ன லைப்ரரியை, அதாவது மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை, கம்பெனி சம்மதத்தோடு இணையத்தில் பொதுவில் வைத்தோம். வைத்துவிட்டாலே அது திறமூல மென்பொருள், யாரும் எடுத்து மாற்றி வெளியிடலாம் என்று நினைத்திருந்தோம். இரண்டு வருடம் கழித்து ஒருவர், "உரிமம் எதையும் காணோமே, எங்கள் மென்பொருளில் சேர்க்கலாமா?" என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது. உரிமம் எழுதாத நிரலின் பதிப்புரிமை முழுவதும் எழுதியவரிடமே இருக்கும். மற்றவர்கள் படித்துப் பார்க்கலாம். மாற்றி வெளியிட அனுமதி கிடையாது.

சரி, பயன்படுத்தவும் மாற்றி வெளியிடவும் எல்லோருக்கும் அனுமதி தரும் அப்பாச்சி 2.0 உரிமத்தைச் சேர்த்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். எங்கள் வரிகள் கம்பெனிக்குச் சொந்தம், அதில் சிக்கல் இல்லை. ஆனால் வெளியிலிருந்து பதினொரு பேர் பேட்ச், அதாவது நிரலுக்கான திருத்தங்கள், அனுப்பியிருந்தார்கள். அந்த வரிகள் அவரவருடையவை. எல்லோருக்கும் மின்னஞ்சல் போட்டோம். ஒன்பது பேர் ஒரே வாரத்தில் சம்மதித்தார்கள். ஒருவர் தன் மேலாளரிடம் கேட்டு வர ஒரு மாதம் எடுத்துக்கொண்டார். இன்னொருவருக்குப் போன மின்னஞ்சல் திரும்பி வந்துவிட்டது. தேதிகளைப் பிரித்தெடுக்கும் பகுதி முழுக்க அவர் எழுதியது. தேடிப் பார்த்தும் ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் அந்தப் பகுதியை நீக்கினோம். அந்த நிரலைப் பார்த்தே இராத ஒரு தோழி, அது என்ன செய்ய வேண்டும் என்ற விவரத்தை மட்டும் கேட்டுக்கொண்டு புதிதாக எழுதினார். மூன்று வாரம் போனது.

பெரிய திட்டங்களுக்கும் இதே பாடுதான். இணையத் தொடர்புகளை மறைகுறியாக்கப் பயன்படும் ஓபன்எஸ்எஸ்எல் 2017-இல் பழைய பங்களிப்பாளர்களிடம் சம்மதம் கேட்கத் தொடங்கியது, அப்பாச்சி 2.0 உரிமத்தோடு அதன் 3.0 பதிப்பு வந்தது 2021-இல்.

அப்புறம் பங்களிப்பு வழிகாட்டி எழுத உட்கார்ந்தோம். பங்களிக்க வரும் ஒவ்வொருவரிடமும் உரிமை பற்றிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கலாம் என்றார் ஒருவர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு எழுத்துப்பிழையைத் திருத்த வருபவர் சட்டப் பத்திரத்தைப் பார்த்ததும் போய்விடுவார். அதோடு, பல ஒப்பந்தங்கள் உரிமத்தைப் பின்னால் தனியாக மாற்றும் அதிகாரத்தைக் கம்பெனிக்கே கொடுக்கின்றன. அது நியாயமாகப் படவில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னல் 2004-இல் கொண்டுவந்த முறையை எடுத்துக்கொண்டோம். 'இதை நான் எழுதினேன், அல்லது இந்த உரிமத்தில் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது' என்பதற்கு உறுதியாக, ஒவ்வொரு கமிட்டிலும் (பதிவு செய்யும் ஒவ்வொரு மாற்றத்திலும்) 'சைன்ட்-ஆஃப்-பை' (ஒப்பமிட்டவர்) என்று பெயரும் மின்னஞ்சல் முகவரியும் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வரி வந்த மறுமாதமே பலன் தெரிந்தது. நல்ல பேட்ச் ஒன்று அனுப்பிய மாணவர், பெயரைப் போடும் முன் தயங்கி, அதில் பாதி வேறொரு திட்டத்திலிருந்து எடுத்தது என்று எழுதினார். போய்ப் பார்த்தால் அது ஜிபிஎல் உரிமத்தில் இருந்தது, அதிலிருந்து எடுத்ததை வெளியிட்டால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். எங்கள் உரிமத்தின் கீழ் அதைச் சேர்க்க முடியாது. அவரைக் குறை சொல்லவில்லை, யாரும் அவருக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. ஒரு மணி நேரம் பேசினோம். அந்தப் பாதியை அவரே வேறு வழியில் எழுதி அனுப்பினார்.

மின்னஞ்சல் திரும்பி வந்தவரின் நிரலில் ஒரு வரிகூட இப்போது எங்களிடம் இல்லை. பங்களிப்பாளர் பட்டியலிலிருந்து அவர் பெயரை மட்டும் எடுக்கவில்லை.