சீசன் தொடக்கத்தில் உறைந்த அருவியைச் சோதித்துப் பார்த்தது

இந்த வாரம் வடக்குப் பார்த்த ஒரு சரிவில் ஐஸ் கிளைம்பிங்குக்கு (உறைந்த அருவியில் ஏறுவதற்கு) பனிக்கட்டி தேறிவிட்டதா என்று பார்த்துவிட்டு வந்தோம். கீழ் அடுக்கில் ஏறலாம். மேலே நிற்கும் பனிக்கட்டித் தூணுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

கிளம்புவதற்கு முன்பு இரவு வெப்பநிலையை மட்டும் பார்ப்பது போதாது. இரவில் மைனஸ் 10 டிகிரி அடித்தாலும், பகலில் பூஜ்ஜியத்தைத் தாண்டி வெயிலும் பட்டால் கட்டியது இளகிவிடும். பகலும் பூஜ்ஜியத்துக்குக் கீழேயே தொடர்ந்து சில நாள் நின்றால்தான் எனக்கு நம்பிக்கை வரும். வானிலை அளவு பெரும்பாலும் அடிவாரத்தில் எடுத்ததாக இருக்கும். உயரம் 1000 மீட்டர் கூடினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்று கணக்குப் போடலாம். ஆனால் காற்றில்லாத தெளிவான இரவுகளில் குளிர்காற்று பள்ளத்தாக்கில் தேங்கி, மேலே இருப்பதைவிடக் கீழே குளிர் அதிகமாகிவிடும். அப்போது அந்தக் கணக்கு உதவாது.

குளிரோடு தண்ணீரும் வேண்டும். பாறை இடுக்கில் கசிவு இருந்தால்தான் அடுக்கடுக்காகக் கட்டும். கசிவே உறைந்து நின்றுவிட்டால் எவ்வளவு குளிர்ந்தாலும் தடிமன் ஏறாது. அதோடு, பனிக்கட்டி கட்டுவதற்கு முன்பே கனமாகப் பனி பொழிந்து மூடிவிட்டால் உள்ளே குளிர் இறங்காது.

அருவிக்குப் போகும் ஓடையில் நுழையும் முன் அதன் தலைமாட்டில் இருக்கும் சரிவைப் பார்த்தோம். தோண்டிப் பார்த்ததில், மேலே காற்று இறுக்கிய பனி; அடியில் சர்க்கரை மாதிரி உதிரும் மணிகள். சீசன் ஆரம்பத்தில் மெல்லிய பனிப் படலம் தரையில் கிடந்தால் இப்படித்தான் ஆகும். இதன்மேல் புதுப்பனி கனமாக விழுந்தால் சரிய வாய்ப்பு அதிகம். அன்று மேலே பனி கொஞ்சம்தான் இருந்தது. ஒவ்வொருவராக இடைவெளி விட்டுப் போனோம்.

அருவியின் அடியில் நின்று முதலில் காது கொடுத்துக் கேட்டேன். உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்டது. ஐஸ் டூலின் (ஏறக் கையில் பிடிக்கும் சிறு கோடரி) முனையால் தட்டினால் ஓரத்தில் இறுகிய சத்தம், நடுவில் பொந்து போன்ற சத்தம். நிறமும் அப்படியே: ஓரத்தில் நீலம், நடுவில் காற்றுக் குமிழி நிறைந்த வெள்ளை.

அப்புறம் 13 சென்டிமீட்டர் ஐஸ் ஸ்க்ரூவை (கயிற்றை மாட்டப் பனிக்கட்டியில் திருகி இறக்கும் குழாய்) ஓரத்தில் இறக்கினேன். குழாய் வழியே முதலில் பொடியும் வெள்ளைத் துகளும் கொட்டின. பிறகு நீலம் கலந்த கெட்டித் துண்டு சீராக வெளியே வந்தது. கடைசிச் சுற்றுவரை கைக்கு ஒரே இறுக்கம். இதைத்தான் நான் நல்ல அடையாளம் என்பேன். அதே ஸ்க்ரூ நடுவில் பாதி இறங்கியதும் திடீரென்று லேசாகச் சுழன்றது. குழாய் வழியே தண்ணீர் சொட்டியது. அந்த இடத்தில் ஸ்க்ரூவை நம்பித் தொங்க மாட்டேன். கிட்டே போனால் நிறம் வேறுபட்டாலும், தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு இடமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரிந்தது. அதனால்தான் ஸ்க்ரூ போட்டுப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்து யார் 'ரெடி' என்று சொன்னாலும் நான் ஏற்பதில்லை.

கீழ் அடுக்கு டபிள்யூஐ 3 அளவில் (உறைந்த அருவி ஏற்றத்தின் கடினத்தைச் சொல்லும் தரவரிசையில் நடுத்தரம்) இருக்கும். பக்கவாட்டில் நடந்து மேலே போய், உறுதியான மரத்தில் நங்கூரம் போட்டு, டாப் ரோப்பில் (மேலே கட்டிய கயிற்றின் பாதுகாப்பில்) ஓரமாகவே ஏறினோம். குளிரில் கடினமாகியிருந்ததால் ஓங்கி அடித்தால் தட்டு தட்டாகப் பெயர்ந்தது. பழைய பள்ளங்களில் முனையை மெதுவாக மாட்டி ஏறியபோது ஒன்றும் பெயரவில்லை. ஸ்க்ரூ போட்டு லீட் செய்யும் (கீழிருந்து கயிற்றை மாட்டிக்கொண்டே முதல் ஆளாக ஏறும்) அளவுக்கு அந்த ஓரத்தில் அகலம் இல்லை.

தூணைத் தொடவே இல்லை. அடிப்பாகம் கீழே சேர்ந்திருந்தாலும், உச்சியில் குறுக்கே மெல்லிய விரிசல் ஓடியது. முந்தின இரவு வெப்பநிலை சட்டென்று இறங்கியிருந்தது. அப்போது பனிக்கட்டி சுருங்கி உள்ளே இழுவிசை ஏறும். ஒரே அடியில் முழுத் தூணும் முறியலாம். அதன் விழுபாதையைத் தவிர்த்தே பிலே (ஏறுபவரின் கயிற்றைப் பிடித்துக் காப்பது) நின்றோம்.

குளிர் கொஞ்சம் தணிந்து, ஏற்ற இறக்கம் இல்லாமல் சில நாள் நிலைத்த பிறகு மறுபடி போவதாக இருக்கிறோம். விரிசல் மேல் புதுத் தண்ணீர் வழிந்து உறைந்திருக்கிறதா என்று தூர நின்று பைனாகுலரில் பார்ப்போம். நடுப்பகுதியில் 16 சென்டிமீட்டர் ஸ்க்ரூ முழுசாக இறுகி இறங்கினால் கீழ் அடுக்கை லீட் செய்வோம்.