16 வாரம், 17 வளைவு

அக்டோபர் 5, ஞாயிறு

ஜனவரி 25-க்குச் சரியாக 16 வாரம் இருக்கிறது. 50 கிலோமீட்டர் மலையோட்டம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு உட்கார்ந்தேன். கிடைத்த பயிற்சி அட்டவணைகள் எல்லாமே கிலோமீட்டர் கணக்கு. இடுக்கி மலையில் இருக்கும் எங்கள் பூப்பாறையில் வாசலைத் தாண்டினாலே ஏற்றம். அதே 10 கிலோமீட்டர் ஒரு பக்கம் போனால் ஒரு மணி நேரம், மறுபக்கம் போனால் ஒன்றரை. அதனால் மணிக்கணக்கில் எழுதினேன். மூன்று வாரம் கூட்டுவது, நான்காவது வாரம் குறைப்பது. சனி, ஞாயிறு அடுத்தடுத்து நீண்ட ஓட்டம். ஞாயிறன்று களைத்த காலோடுதான் கிளம்ப வேண்டும். 40 கிலோமீட்டருக்கு மேல் வரப்போகும் களைப்புக்கு அதுதான் ஒத்திகை. கடைசி மூன்று வாரம் படிப்படியாகக் குறையும்.

சிக்கல் வேலையில் இருக்கிறது. இது ஏலக்காய் எடுக்கும் காலம். காய் உலர்த்தும் ஸ்டோரில் ஒரு தடவை உலர 18 முதல் 24 மணி நேரம் ஆகும், எனக்கு வாரத்தில் இரண்டு ராத்திரி முறை. மறுநாள் கட்டங்களில் ‘தூக்கம்’ என்று சிவப்பு மையில் எழுதினேன். ஓட்டத்தை விட்டாலும் விடலாம், அதை விடக் கூடாது.

அக்டோபர் 8, புதன்

மழை. 40 நிமிடம். ஆனையிறங்கல் பக்கம் போகவில்லை. 2023 ஏப்ரலில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைப் பிடித்துக்கொண்டு போனாலும் மற்ற யானைகள் அங்கேதானே இருக்கின்றன. விடியாமல் அந்த ரோட்டில் கால் வைப்பதில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

காய் நிறுக்கும் தராசிலேயே என்னையும் நிறுத்துக்கொண்டேன். கிளம்பும்போது 64.2 கிலோ. இரண்டு மணி நேரம் ஓடி, அரை லிட்டர் தண்ணீர் குடித்துத் திரும்பியபோது 62.6. அப்படியென்றால் வியர்வையாகப் போனது 2.1 லிட்டர். இந்தக் குளிரிலேயே மணிக்கு ஒரு லிட்டர்! தொப்பி விளிம்பில் உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. அதற்காக வெறும் தண்ணீரை அளவில்லாமல் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். இனி தாகத்துக்கு மட்டும் குடிப்பது, பாட்டிலில் உப்பும் எலுமிச்சையும் போட்டுக்கொள்வது.

அக்டோபர் 18, சனி

போடிமெட்டிலிருந்து முந்தல் வரை, 17 கொண்டை ஊசி வளைவும் ஒரே மூச்சில் இறங்கினேன். மூச்சு வாங்கவே இல்லை. கீழே தேனிச் சீமை முழுக்க வெயிலில் கிடந்தது. மேலே வரும்போது எஸ்டேட் ஆட்களை ஏற்றிவரும் ஜீப்பில் தொற்றிக்கொண்டேன்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளிக்க மணையில் உட்கார முடியவில்லை. “என்னப்பா, காலை இப்படி நட்டுக்கிட்டு நடக்குற?” என்றார் அம்மா. வாசல் படியில் பின்பக்கமாகத் திரும்பித்தான் இறங்கினேன்.

இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தையும் தாங்குகிறது. பிரேக் பிடிப்பது அதுதான். அதில் நுண்ணிய கிழிசல் விழும், வலி ஒன்றிரண்டு நாள் கழித்து உச்சத்துக்கு வரும். தென்னாப்பிரிக்காவில் 1921-இல் தொடங்கிய காம்ரேட்ஸ் ஓட்டத்தைப் பெரும்பாலும் ஓராண்டு மேல்நோக்கியும் மறு ஆண்டு டர்பன் கடற்கரை நோக்கியும் நடத்துகிறார்கள். இறங்கும் ஆண்டுதான் காலை உடைக்கும் என்று அதை ஓடியவர்கள் ஏன் சொல்கிறார்கள் என்று இன்றைக்குப் புரிந்தது. இரண்டாவது வாரத்திலேயே மொத்த மலையையும் இறங்கியது என் தப்பு. ஆனால் ஒரு தடவை இப்படி அடிபட்ட தசை அடுத்த தடவை அவ்வளவு நோகாது. ஆகவே இறக்கத்தை விடப்போவதில்லை, சிறிது சிறிதாகச் சேர்க்கப்போகிறேன். மூன்றாவது வாரக் கட்டங்களை அடித்துவிட்டு ‘நடை’ என்று எழுதினேன்.

நவம்பர் 2, ஞாயிறு

குறைக்கும் வாரம் முடிந்தது. கால் துறுதுறுவென்றிருந்தும் கூடுதலாக ஓடவில்லை. வயிற்றைப் பழக்கினேன்: அரை மணிக்கு ஒரு வாழைப்பழம், இடையில் கொஞ்சம் கடலைமிட்டாய். பழம் ஒத்துக்கொண்டது, கடலைமிட்டாய் ஏற்றத்தில் நெஞ்சிலேயே நின்றது. அடுத்து வெறும் வெல்லத்தைப் பார்க்க வேண்டும்.

எட்டாம் தேதி பாதி மலைதான். ஒன்பது வளைவு இறங்கி, நடந்தே ஏறி வர வேண்டும். ஜீப் ஓட்டும் மாமாவிடம் சொல்லிவிட்டேன். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டே ஏறுகிறேன், நீ ஓரமாகவே வா மாப்ளே என்றார்.