பத்துக்கு ஏழு என்றால் எவ்வளவு?

ஓர் ஆல்பத்துக்கு 7.4 கிடைத்திருக்கிறது என்று யாராவது சொன்னால், யார் கொடுத்தது, எப்போது கொடுத்தது என்ற இரண்டையும் கேட்டுக்கொள்ள வேண்டும். இவை இல்லாத 7.4, அலகு எழுதாத அளவு மாதிரி. மீட்டரா, அடியா என்று தெரியாமல் துணி வாங்குவதற்குச் சமம்.

முதலில் அளவுகோல்கள். பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சனத் தளம் 0.0 முதல் 10.0 வரை தசமத்தில் போடுகிறது. மொத்தம் 101 படிகள். ஐந்து நட்சத்திர முறையில் அரை நட்சத்திரத்தையும் சேர்த்தால்கூட பத்துப் படிகள்தான். 7.4க்கும் 7.5க்கும் உள்ள வித்தியாசத்தைக் காதால் கேட்டுச் சொல்லக்கூடிய மனிதர் எவரும் இல்லை. அந்தத் தசமம் ஒரே அலுவலகத்துக்குள் மட்டும் பொருள்படும்: இதே குழுவின் போன ஆல்பத்துக்கு 7.6 கொடுத்தோம், இது அதைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். யூடியூபில் இசை விமர்சனம் செய்யும் ஆந்தனி ஃபன்டானோ 'ஸ்ட்ராங் 7', 'லைட் 8' என்று சொல்வதை நிறையப் பேர் கேலி செய்கிறார்கள். எனக்கு அது தசமத்தைவிட நேர்மையாகப் படுகிறது. எட்டா ஏழா என்று தயங்கினேன் என்பதை அது ஒளிக்கவில்லை.

பத்து வரை இடம் இருந்தாலும் புழக்கத்தில் இருப்பது நடுவே ஒரு குறுகிய பட்டைதான். பெரும்பாலான விமர்சனங்கள் ஆறுக்கும் எட்டரைக்கும் இடையில் வந்து விழும். விமர்சகர்கள் இளகிய மனம் கொண்டவர்கள் என்பதல்ல காரணம். வெளிவரும் ஆல்பங்களில் மிகச் சிறிய பங்குக்குத்தான் விமர்சனம் எழுதப்படுகிறது. யாரும் கேட்காத மோசமான ஆல்பத்துக்கு எந்த ஆசிரியரும் இடம் ஒதுக்க மாட்டார். பெயர் தெரியாத குழு என்றால், அதை ஏற்கெனவே ரசிக்கும் ஒருவர்தான் 'நான் எழுதுகிறேன்' என்று முன்வருவார். பெரிய நட்சத்திரத்தின் மோசமான ஆல்பம் மட்டுமே இந்தச் சல்லடையைத் தாண்டி உள்ளே வரும். ஆக, ஏழு என்பது 'சராசரிக்கு மேல்' இல்லை. ஏற்கெனவே வடிகட்டப்பட்ட கூட்டத்தின் சராசரி. இன்னொரு விளைவும் உண்டு: அறியப்படாத கலைஞரின் 7.8ஐயும் உலகப் புகழ் பெற்றவரின் 7.8ஐயும் ஒரே தராசில் வைக்க முடியாது. முதலாவது, ஆர்வத்தோடு முன்வந்த ஒருவர் கொடுத்தது. இரண்டாவது, யாராவது எழுதியே ஆகவேண்டிய வேலை.

பல இதழ்களின் மதிப்பெண்களைச் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும் திரட்டித் தளங்களுக்கு வந்தால் சிக்கல் இன்னும் முற்றும். 2001இல் தொடங்கிய மெட்டாக்ரிட்டிக் எல்லா அளவுகோல்களையும் நூறுக்கு மாற்றுகிறது. நட்சத்திரம் என்றால் நேரடிப் பெருக்கல்: ஐந்துக்கு மூன்று 60, மூன்றரை 70, நான்கு 80. எழுத்துத் தரத்துக்குத் தனி அட்டவணை: ஏ பிளஸுக்கும் ஏவுக்கும் 100, ஏ மைனஸ் 91, பி பிளஸ் 83, பி 75, பி மைனஸ் 67, சி பிளஸ் 58, சி 50. எண்ணே போடாத விமர்சனம் என்றால் அங்கே பணிபுரிபவர் படித்துப் பார்த்து ஓர் எண்ணைப் போடுவார். குறைந்தது நான்கு விமர்சனங்கள் சேர்ந்த பிறகே மொத்த மதிப்பெண் வரும். 61 முதல் பச்சை, 40 முதல் 60 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு.

இந்த அட்டவணையை ஓர் உண்மையான இதழோடு பொருத்திப் பாருங்கள். ரோலிங் ஸ்டோனின் பழைய நட்சத்திர விளக்கத்தில் ஐந்து என்றால் 'கிளாசிக்', நான்கு 'மிகச் சிறப்பு', மூன்று 'நன்று'. 'நன்று' என்று சொன்ன அந்த மூன்று, திரட்டியில் 60 ஆகி, மஞ்சள் கட்டத்தில் 'கலவையான வரவேற்பு' என்று நிற்கும். விமர்சகர் எழுதிய சொல்லும் திரட்டி காட்டும் நிறமும் ஒன்றுக்கொன்று முரண். மூன்று நட்சத்திர விமர்சனங்கள் நிறைய உள்ள ஆல்பம் மோசம் என்று நினைத்துத் தள்ளிவிடுகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் அமெரிக்க இசை விமர்சகர் ராபர்ட் கிறிஸ்ட்கவ். 1969 முதல் 'கன்ஸ்யூமர் கைட்' என்ற பெயரில் ஆல்பங்களுக்கு எழுத்துத் தரம் கொடுத்து வந்தவர். 1990இல் முறையை மாற்றினார். அதன்பிறகு ஏ வரிசையும் பி பிளஸும் பெற்ற ஆல்பங்களுக்குத்தான் வழக்கமாக விமர்சனம் எழுதினார். அதற்குக் கீழே உள்ளவற்றைப் பெரும்பாலும் வெறும் பட்டியலிலும் குறியீட்டிலும் முடித்துவிட்டார். அப்படியென்றால் அவர் கையில் பி பிளஸ், எழுதுவதற்குத் தகுதியானவற்றில் கடைசிப் படி. அதையே மேலே உள்ள அட்டவணையில் போட்டால் 83 வரும். 81 முதல் 'எல்லாரும் பாராட்டியது' என்ற வகை! ஒருவரின் கடைசிப் படி இன்னோரிடத்தில் மேல்மாடியாகிவிடுகிறது.

சரி, ஒரு கணக்குப் போட்டே பார்க்கலாம். ஓர் ஆல்பத்துக்கு நான்கு விமர்சனங்கள்: ஐந்துக்கு நான்கு (80), பி பிளஸ் (83), 7.4 (74), ஐந்துக்கு மூன்று (60). கூட்டினால் 297, சராசரி 74.25. மூன்று நட்சத்திரம் கொடுத்தவர் இன்னும் அரை நட்சத்திரம் கூட்டியிருந்தால் 76.75. ஒருவருடைய அரை நட்சத்திரத் தயக்கம், மொத்தத்தை இரண்டரை புள்ளி நகர்த்துகிறது. இப்போது எடையைச் சேர்ப்போம். மெட்டாக்ரிட்டிக் எல்லா இதழ்களுக்கும் சம எடை தருவதில்லை. எதற்கு எவ்வளவு என்று வெளியிடுவதும் இல்லை. மூன்று நட்சத்திர இதழுக்கு இரட்டை எடை என்று வைத்தால் 71.4. பி பிளஸ் இதழுக்கு இரட்டை எடை என்றால் 76. விமர்சனங்கள் அதே நான்குதான். இவை போதாதென்று, எண்கள் ஒரே இடத்தில் குவியாமல் இருக்க இசைக்கான மதிப்பெண்களை விரித்துச் சரிசெய்வதாகவும் அந்தத் தளமே சொல்கிறது. ஆகவே 73க்கும் 76க்கும் இடையே எது மேல் என்று சண்டை போடுவது வீண்வேலை. ஐந்து புள்ளிக்குக் குறைந்த வித்தியாசத்தை நான் கணக்கில் எடுப்பதே இல்லை. விமர்சன எண்ணிக்கை பத்துக்குக் கீழே என்றால் எட்டுப் புள்ளி வரைகூட.

சராசரியைப் பார்ப்பதற்கு முன் பரவலைப் பார்ப்பது பலன் தரும். எல்லாரும் 70–78க்குள் கொடுத்து 74 வந்த ஆல்பமும், பாதிப்பேர் 95, பாதிப்பேர் 53 கொடுத்து 74 வந்த ஆல்பமும் ஒன்றல்ல. முதலாவது பெரும்பாலும் ஒழுங்காகச் செய்யப்பட்ட, நினைவில் நிற்காத வேலை. இரண்டாவதைத்தான் நான் முதலில் எடுத்துக் கேட்பேன். வில்லேஜ் வாய்ஸ் இதழின் 'பாஸ் அண்ட் ஜாப்' வாக்கெடுப்பில் இந்தப் பரவல் அமைப்பிலேயே இருந்தது. ஒவ்வொரு விமர்சகரும் பத்து ஆல்பங்களுக்கு மொத்தம் 100 புள்ளிகளைப் பங்கிட வேண்டும்; ஓர் ஆல்பத்துக்குக் குறைந்தது 5, அதிகபட்சம் 30. மொத்தப் புள்ளியோடு எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்பதையும் போடுவார்கள். நான்கு பேர் ஆளுக்கு 30 போட்டாலும் 120, பன்னிரண்டு பேர் ஆளுக்கு 10 போட்டாலும் 120. இரண்டாவது எண்ணைப் பார்த்தாலே வெறியர்களின் ஆல்பம் எது, பொதுச் சம்மதம் பெற்றது எது என்று புரிந்துவிடும்.

அடுத்தது நேரம். எழுதியவர் எத்தனை முறை கேட்டார்? முன்கூட்டியே பிரதி கிடைத்திருந்தால் சில வாரங்கள். 2013 டிசம்பரில் பியான்சே முன்னறிவிப்பே இல்லாமல் ஆல்பத்தை வெளியிட்டது போன்ற சந்தர்ப்பங்களில் விமர்சகரும் ரசிகரும் ஒரே நிமிடத்தில்தான் கேட்கத் தொடங்குகிறார்கள். அப்படி ஓரிரு நாளில் எழுதப்பட்ட விமர்சனம் முதல் மூன்று பாட்டைப் பற்றி விரிவாகப் பேசும், ஏழாவதுக்குப் பிறகு பெயர்களை மட்டும் அடுக்கும். இது ஒரு நல்ல அடையாளம், எண்ணிப் பாருங்கள்.

அவசரத்தைவிடப் பெரிய கோளாறு, போன தவறுக்கு இந்த முறை பரிகாரம் செய்வது. ஒயாசிஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் இரண்டாவது ஆல்பத்தை 1995இல் பிரிட்டிஷ் விமர்சகர்கள் பலர் அரைமனதோடுதான் வரவேற்றார்கள். அது விற்பனையில் எங்கோ போய்விட்டது. 1997 ஆகஸ்டில் அடுத்த ஆல்பமான 'பி ஹியர் நவ்' வந்தபோது மறுபடி தவறிவிடக் கூடாது என்று வாரி வழங்கினார்கள். கியூ இதழ் ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. கொஞ்ச காலத்திலேயே அந்த ஆல்பம் அளவுக்கு மீறிய புகழ்ச்சிக்கு உதாரணமாகிப்போனது. ஆகவே ஒரு கலைஞரின் ஆல்பத்துக்கு வந்த எண்ணைப் பார்க்கும்போது, அதற்கு முந்தைய ஆல்பத்துக்கு என்ன கொடுத்தார்கள், அதன்பின் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

2021 அக்டோபரில் பிட்ச்ஃபோர்க் தன்னுடைய 19 பழைய மதிப்பெண்களை மறுபரிசீலனை செய்து புதிய எண்களைப் போட்டது. டாஃப்ட் பங்கின் 'டிஸ்கவரி' 6.4இலிருந்து 10க்கு ஏறியது. 2003இல் 0.0 வாங்கிய லிஸ் ஃபேரின் ஆல்பம் 6.0 ஆனது. இன்டர்போலின் முதல் ஆல்பம் 9.5இலிருந்து 7.0க்கு இறங்கியது. இதைப் பலர் பாராட்டினார்கள். எனக்கு அரைச் சம்மதம்தான். 0.0 என்பது பெரும்பாலும் ஆல்பத்தைப் பற்றிய மதிப்பீடே அல்ல, எழுதியவரின் கோபம். அதைத் திருத்தியது சரி. ஆனால் 6.4, அந்த ஆண்டில் அந்த இசை ஒருவர் காதில் எப்படி விழுந்தது என்பதற்கான பதிவு. அதை 10 ஆக்கினால் கிடைப்பது இருபது ஆண்டுச் செல்வாக்குக்கான மதிப்பெண். இரண்டும் வேறு வேறு பொருள்கள். பழையதைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டுதான் புதியதைப் படிக்க வேண்டும்.

கடைசியாக, ஒரு விமர்சகரை உங்கள் காதுக்கு ஏற்ப அளந்துகொள்ளும் முறை. நீங்கள் ஐந்து முறையாவது கேட்ட, அவர் எழுதியிருக்கும் பத்து ஆல்பங்களை எடுங்கள். பிடித்தவை மட்டும் போதாது; பிடிக்காதவையும் குறைந்தது மூன்று இருக்கட்டும். அவர் போட்ட எண்ணைப் பார்க்காமல் உங்கள் எண்ணை முதலில் எழுதுங்கள். வரிசையை மாற்றினால் பலன் இல்லை, பார்த்த எண் உங்களை இழுத்துவிடும். பிறகு அவருடையதிலிருந்து உங்களுடையதைக் கழியுங்கள். வித்தியாசம் எப்போதும் ஒன்றை ஒட்டியே வந்தால் அவர் உங்களைவிட ஒரு புள்ளி தாராளம், இனி ஒன்றைக் கழித்துப் படியுங்கள். நீங்கள் எட்டு போட்டதற்கெல்லாம் அவர் ஐந்தும், ஐந்து போட்டதற்கெல்லாம் எட்டும் போட்டிருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள், தலைகீழாகப் படித்தால் அவரைப் போல நம்பகமானவர் கிடைக்க மாட்டார். ஒருமுறை கூடுதலாக மூன்று, மறுமுறை குறைவாக இரண்டு என்று ஒழுங்கே இல்லாமல் வந்தால் மட்டும் அவருடைய எண்ணை விட்டுவிட்டு வாக்கியங்களைப் படியுங்கள்.

இந்தக் கணக்கை இதழின் பெயருக்குப் போடாமல் எழுதுபவரின் பெயருக்குப் போடுங்கள். 2015இல் கோண்டே நாஸ்ட் என்ற இதழ் நிறுவனம் வாங்கிய பிட்ச்ஃபோர்க், 2024 ஜனவரியில் ஜிக்யூ இதழின் கீழ் கொண்டுவரப்பட்டது. பலர் வேலை இழந்தார்கள். முகப்பில் பெயரும் தசமப் புள்ளியும் அப்படியே இருக்கின்றன. 2004இல் அங்கே 8.0 போட்ட கைகளும் இன்று 8.0 போடும் கைகளும் வேறு.