மூச்சு குறையுமா என்று கேட்ட தாய்

"கட்டுனா மூச்சு குறையுமா, குறையாதா? அத மட்டும் சொல்லுங்க டாக்டரம்மா" என்று அந்தத் தாய் கேட்டபோது, முதுகுத்தண்டு வளைவுக்கான பெல்ட்டின் பட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த சக ஊழியர் "பழகிப்போகும்" என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான், "குறையும்மா. கழட்டுனா பழையபடி வந்துரும்" என்று சொல்லிவிட்டேன். பன்னிரண்டு வயது மகள் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

சொன்னது உண்மைதான். முதுகுத்தண்டின் வளைவை அழுத்திப் பிடிக்கும் அந்தக் கெட்டியான பிளாஸ்டிக் கூடு, விலா எலும்புகள் பக்கவாட்டில் விரிவதையும், உதரவிதானம் இறங்கும்போது வயிறு முன்தள்ளுவதையும் ஒருசேரத் தடுக்கிறது. ஆகவே ஒவ்வொரு மூச்சும் சிறுத்து, எண்ணிக்கை கூடுகிறது. சும்மா இருக்கும்போது பெரிதாகத் தெரியாது, படியேறினால் தெரியும். அழுத்தும் இடத்துக்கு எதிர்ப்புறம் திறப்பு விடுவதும், உள்ளொடுங்கிய பக்கத்தை நோக்கி மூச்சை இழுக்கப் பழக்குவதும் இதனால்தான்.

பாம்பன் பக்கத்தில் கடற்பாசி எடுக்க முங்குகிறவர் அந்தத் தாய். மூச்சை அடக்கிக் கடலடியில் கைவேலை செய்கிற ஒருவரிடம் மூச்சைப் பற்றி மழுப்புவது எனக்கு அவமரியாதையாகப் பட்டது. "நான் முங்குனா மேல வந்து மூச்சு வாங்கிக்கிருவேன். இவ எப்ப வாங்குவா?" என்று அவர் அடுத்துக் கேட்டார். எலும்பு வளர்ச்சி நிற்கும்வரை பெல்ட் கட்டவேண்டும் என்றேன். அது சில வருடங்கள் என்பதை அவரே கணக்குப் போட்டுக்கொண்டார்.

இப்போது பட்டைகள், இறுக்க வேண்டிய அளவுக்கு நாங்கள் பேனாவால் போட்ட கோட்டைவிடத் தளர்ந்தே வருகின்றன. இரவில் தான் வேகமாக மூச்சுவிடுவதைப் பார்த்தால் அம்மா தளர்த்திவிடுவதாக மகள் சொல்கிறாள். 2013இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், நாளுக்கு ஏறத்தாழ 13 மணி நேரத்துக்குமேல் பெல்ட் அணிந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு, வளர்ச்சி முடியும்வரை வளைவு, பொதுவாக அறுவை சிகிச்சையை யோசிக்கும் அளவான 50 பாகையை எட்டவில்லை. இந்தப் பெண்ணுக்கு 32 பாகை. பள்ளி நேரத்தில் கடற்கரைப் புழுக்கத்தைச் சொல்லிக் கழற்றுகிறாள். மிச்சமிருப்பது இரவுதான், அதுவும் தளர்கிறது.

வளைவு முற்றிப்போனால் நுரையீரலுக்கு இடமே குறுகிவிடும் என்பதையும், பெல்ட்டால் வரும் இன்றைய குறைவு தற்காலிகம், வளைவால் வரும் குறைவு பிறகு சரியாகாது என்பதையும் நான் அன்றே விளக்கினேன். எனினும் "குறையும்" என்பதை முதலில் சொன்னதால், அதற்குப் பின் வந்த எதுவும் அவர் காதில் விழவில்லையோ என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள், பழகிப்போகும் என்று சொல்லியிருந்தாலும் மகளின் இளைப்பைக் கண்ட இரவே அவர் தளர்த்தியிருப்பார், பிறகு எங்களையும் நம்பியிருக்க மாட்டார் என்று தோன்றுகிறது. இரண்டாவதை நம்பவே விரும்புகிறேன். விரும்புவதாலேயே அதன் மேல் எனக்குச் சந்தேகமும் வருகிறது.

அடுத்த எக்ஸ்ரேயில் பாகை கூடியிருந்தால் அந்த அம்மா என்னைக் குறை சொல்ல மாட்டார்; பட்டையைத் தளர்த்திய தன் கையைத்தான் குறை சொல்வார். அப்போது அவரிடம் என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.