அப்பாவின் ஹைட்ரோமீட்டரும் என் ஸ்கூட்டரும்

எங்கள் வீட்டில் சாமி படத்துக்குக் கீழே உள்ள தட்டில் ஒரு ஹைட்ரோமீட்டர் இருக்கிறது. கண்ணாடிக் குழாய். ஒரு முனையில் கறுப்பு ரப்பர் பந்து, மறுமுனையில் மெல்லிய ரப்பர் மூக்கு. உள்ளே ஒரு சின்ன மிதவை, அதன் கழுத்தில் சிவப்பு, வெள்ளை, பச்சைப் பட்டைகள். பந்தை அமுக்கி விட்டால் பேட்டரியிலிருந்து ஆசிட் உறிஞ்சிக்கொண்டு வரும், மிதவை எழும்பும். ஆசிட்டின் அடர்த்தி 1250க்கு மேல் நின்றால் வண்டி ரூட்டுக்குப் போகலாம். கீழே நின்றால் பேட்டரியைக் கழற்றி இரவு முழுக்கச் சார்ஜில் போட வேண்டும். அப்பா, அந்நாளில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் என்றிருந்த அரசு பஸ் நிறுவனத்தில் சேர்ந்தவர். அந்தப் பெயர் போன பிறகும் அதே டிப்போவில், அதே பேட்டரி செக்ஷனில் இருந்து ஓய்வு பெற்றார். அவருடைய காக்கி பேன்ட்டில் ஆசிட் தெறித்த பொத்தல் இல்லாத பேன்ட்டை நான் பார்த்ததே இல்லை.

அப்படிப்பட்ட வீட்டுக்குள் நான் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரைக் கொண்டுவந்து நிறுத்தினேன். அவனியாபுரத்தில் வீடு, தல்லாகுளத்தில் ஆபீஸ். தெற்குவாசல், யானைக்கல், ஏ.வி. பாலம் என்று சுற்றிப் போய்வர ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம். பெட்ரோல் நூறைத் தாண்டிய நாளிலிருந்து மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்த கணக்கு அது.

அப்பா வண்டியைச் சுற்றி வந்தார். சீட்டைத் தூக்கிப் பார்த்தார். “டிஸ்டில்ட் வாட்டர் எங்கிட்டு ஊத்துறது?” என்றார்.

“ஊத்த வேண்டாம்ப்பா. இது லித்தியம். சீல் பண்ணியிருக்கும்.”

“அப்ப பேட்டரி நல்லாருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?”

நான் போனில் ஆப்பைத் திறந்து சதவீதத்தைக் காட்டினேன். அவர் அதை ஒரு ஜோசியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

முதல் சண்டை செலவில் ஆரம்பித்தது. ஷோரூமில் ‘கிலோமீட்டருக்குப் பதினஞ்சு பைசாதான்’ என்றார்கள். அப்பா நம்பவில்லை. “மீட்டர்ல பாத்துருவோம்” என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் பிரிட்ஜ், ஃபேன், டிவி எல்லாம் ஆஃப். மெயின் மீட்டரில் ரீடிங்கைக் குறித்துக்கொண்டு, 10 சதவீதத்தில் இருந்த ஸ்கூட்டரை மட்டும் சார்ஜில் போட்டோம். நாலரை மணி நேரம். அம்மா விசிறி மட்டையோடு வாசலில் உட்கார்ந்து எங்கள் இருவர் வம்சத்தையும் திட்டித் தீர்த்தார். ஒரே வம்சம்தான் என்பது அவருக்குப் பிறகுதான் உறைத்தது.

100 சதவீதம் வந்தபோது மீட்டரில் 3.1 யூனிட் ஏறியிருந்தது. என் வண்டியின் பேட்டரி 3 கிலோவாட்-ஹவர், அதாவது 3 யூனிட் பிடிக்கும். தொண்ணூறு சதவீதம் ஏற்றினால் 2.7தான் வர வேண்டும். மீதி எங்கே? அப்பா சார்ஜர் பெட்டி மேல் உள்ளங்கையை வைத்து, என் கையையும் இழுத்து வைத்தார். இஸ்திரிப் பெட்டியை அணைத்துக் கால் மணி நேரம் கழித்துத் தொட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. “இதுலதான் போகுது உன் மிச்சம்” என்றார். அந்த 3.1 யூனிட்டில் 77 கிலோமீட்டர் ஓடியது. யூனிட்டுக்கு 25 கிலோமீட்டர் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். எனக்கு மாதம் 500 கிலோமீட்டர் வரும். இரண்டு மாத பில்லுக்கு 40 யூனிட்.

சரி, 40 யூனிட்டுக்கு எவ்வளவு? இங்கேதான் நான் முதல் வருஷம் ஏமாந்தேன். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி சொல்கிறேன். இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். 101லிருந்து 200 வரை 2 ரூபாய் 35 காசு. 400 வரை 4.70. 500 வரை 6.30. மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் 340 யூனிட் ஓடும். அதோடு ஸ்கூட்டரின் 40 சேர்ந்தால் 380. கூடுதல் செலவு 188 ரூபாய். ஆயிரம் கிலோமீட்டருக்கு 188. கிலோமீட்டருக்கு 19 காசு. ஷோரூம்காரர் சொன்னதற்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

சித்திரையில் ஏசி ஓடும். ஸ்கூட்டர் இல்லாமலே 480 யூனிட். அதற்கு பில் 1,679. ஸ்கூட்டர் சேர்ந்து 520 ஆனதும் பில் 2,208! கூடுதலாக 529 ரூபாய். அதே நாற்பது யூனிட், அதே ஸ்கூட்டர், அதே தெற்குவாசல் பாலம். நடந்தது என்னவென்றால், 500ஐத் தாண்டிய வீட்டுக்கு 101-200 யூனிட்டின் 2.35 சலுகை கிடையாது. அந்த நூறு யூனிட்டும் 4.70க்குப் போய்விடும். அதற்கு மேல் வருவது யூனிட்டுக்கு 8.40. 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய், 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒற்றை யூனிட் 243 ரூபாய். மல்லிகைப்பூகூட மார்கழியில்தான் இந்த மாதிரி விலை ஏறும்.

அந்த மாதத்திலும் பெட்ரோலோடு வைத்துப் பார்த்தால் கால் பங்குதான். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் பழைய வண்டியில் ஆயிரம் கிலோமீட்டர் போக இரண்டாயிரத்து இருநூறு ரூபாய்க்கு மேல் ஆகியிருக்கும். ஆகவே புலம்பவில்லை. ஆனால் ‘சார்ஜ் செலவு எவ்வளவு?’ என்று ஆபீஸில் யாராவது கேட்டால், ‘உங்க வீட்ல ஏசி இருக்கா?’ என்றுதான் திருப்பிக் கேட்கிறேன். வெளியே பொதுச் சார்ஜரில் ஒரே ஒருமுறை போட்டேன். அழகர்கோவில் போய்த் திரும்பும்போது பயந்துபோய் ஒன்றரை யூனிட் ஏற்றினேன். யூனிட் 20 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 35 ரூபாய் 40 காசு. அவசரத்துக்கு ஆகும், அன்றாடத்துக்கு ஆகாது.

அடுத்த சண்டை சதவீதத்தில். அப்பாவின் சட்டம் ஒன்றே ஒன்று: பேட்டரி எப்பவும் நிறைஞ்சு இருக்கணும். ஈயப் பேட்டரிக்கு அது வேதம்தான். குறைந்த சார்ஜில் நாள்கணக்கில் போட்டுவைத்தால் தகட்டில் சல்பேட் உப்பு கெட்டிப்பட்டுப் போகும், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாது. “தகடு வெளுத்துப்போச்சுன்னா அவ்வளவுதான்” என்பார். அந்த நினைப்பில், நான் ஆபீஸிலிருந்து வந்து ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் பிளக்கைச் சொருகிவிடுவார். 72 சதவீதம் இருக்கும், சொருகுவார். மே மாதம், நாற்பது டிகிரி வெயிலில் ஓடிவந்த பேட்டரி, கொதிக்கிற ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, காலை வரை நூறிலேயே நிற்கும்.

லித்தியத்துக்கு இது இரண்டும் ஆகாது. சூட்டோடு நிறைந்து நிற்கும்போதுதான் செல்லுக்குள் வேண்டாத ரசாயன வேலை வேகமாக நடக்கும். கொள்ளளவு சத்தமில்லாமல் தேயும். ஓடிவந்த வண்டி ஒரு மணி நேரமாவது ஆற வேண்டும். தினப்படிக்கு 80 போதும், 20க்குக் கீழே விடக்கூடாது. வெளியூர் போகும் அன்று மட்டும் நூறு, அதுவும் கிளம்புவதற்குச் சற்று முன்னால் முடிகிற மாதிரி. இதை நான் சொன்னபோது அப்பா, “பாதி வயித்தோட பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புவியா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பதில் கொச்சியில் கிடைத்தது. போன வருஷம் சித்திரைத் திருவிழா சமயத்தில் குடும்பமாகக் கேரளா போனோம். கொச்சியில் வாட்டர் மெட்ரோ என்று 2023இலிருந்து பேட்டரிப் படகு ஓடுகிறது. உட்கார்ந்தும் நின்றும் நூறு பேர் போகலாம். சத்தமும் புகையும் இல்லை. எல்லாரும் காயலையும் சீன வலையையும் பார்த்துக்கொண்டிருக்க, அப்பா காலடித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் எந்தப் பக்கம் பேட்டரி இருக்கும் என்ற யோசனை. இறங்கும்போது படகு ஊழியரைப் பிடித்துக்கொண்டார். இவர் மதுரைத் தமிழ், அவர் மலையாளம். இருந்தும் பத்து நிமிடம் பேசினார்கள், பேட்டரிக்காரர்களுக்குள் மொழி ஒரு பிரச்சினையே இல்லை போலும். துறையில் ஆள் இறங்கி ஏறுகிற நேரத்தில், பத்துப் பதினைந்து நிமிடத்தில் சார்ஜ் ஏற்றிக்கொள்கிறது என்றதும் அப்பா என்னிடம் வந்து, “ராத்திரி பூரா போட வேண்டிய சார்ஜைப் பத்து நிமிஷத்துல போட்டா தகடு வளைஞ்சிராதா?” என்றார்.

அறைக்கு வந்து தேடிப் படித்துச் சொன்னேன். அந்தப் படகில் இருப்பது லித்தியம் டைட்டனேட். வேகமாகச் சார்ஜ் ஏற்றினாலும் தாங்கும், ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம். அதற்குப் பதிலாக எடை அதிகம், விலை அதிகம். என் ஸ்கூட்டரில் உள்ளதன் எடைக்கு அதில் பாதி மின்சாரம்கூடப் பிடிக்காது. படகுக்கு எடை பெரிய பாரமில்லை, தண்ணீர் சுமக்கும். ஸ்கூட்டரில் நான்தான் சுமக்க வேண்டும். அப்பா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப லித்தியத்துலயே சாதி சாதியா இருக்குன்னு சொல்லு” என்றார். அன்றைக்குத்தான் முதல்முறையாக டிப்போ பேட்டரியைத் தள்ளிவைத்துவிட்டு யோசித்தார் என்று நினைக்கிறேன்.

ஆனால் கொச்சியில் நான் பேட்டரிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், அவனியாபுரத்தில் என் வண்டி செத்துக்கொண்டிருந்தது. அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று தல்லாகுளம் பக்கம் பாதி ரோட்டை அடைத்திருந்தார்கள். சுற்றிச் சுற்றி வீடு வந்தபோது 9 சதவீதம். களைப்பில் அப்படியே நிறுத்திவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டோம். பன்னிரண்டு நாள் கழித்து வந்து சாவியைத் திருப்பினால் விளக்குகூட எரியவில்லை. ஓடாமல் நின்றாலும் வண்டிக்குள் பேட்டரியைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் என்ற மின்னணுப் பலகை துளித்துளியாகக் குடித்துக்கொண்டுதான் இருக்கும். ஒரு அளவுக்குக் கீழே போனதும் அதுவே கதவைச் சாத்திவிடும், பிறகு சார்ஜர் போட்டாலும் ஏறாது.

சர்வீஸ் சென்டரில் பார்த்த முதல் ஆள் இரண்டு நிமிடத்தில், “பேட்டரி போச்சு மேடம்” என்றார். புதுசுக்கு விலை கேட்டேன். அதைக் கேட்டு அம்மா கீழே உட்கார்ந்துவிட்டார். வாரன்ட்டி பற்றிக் கேட்டால், நாங்கள் கவனிக்காமல் விட்டதால் வராது என்றார். அப்பாதான் விடவில்லை. “செல் வோல்டேஜ் பாத்தீங்களா, பாக்காம போச்சுன்னு சொல்றீங்களா?” என்று டிப்போ குரலில் ஒரு கேள்வி. உள்ளேயிருந்து இன்னொரு பையன் வந்தான். பேட்டரியை இறக்கி, குறைந்த கரண்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மறுநாள் சாயங்காலம் எழுப்பிவிட்டான். வண்டி ஓடியது. ஆனால் முன்பு முழுச் சார்ஜில் 85 போனது, அதற்குப் பிறகு 79தான். அந்த ஆறு கிலோமீட்டரை நான் கொச்சிக் காயலில் விட்டுவிட்டு வந்ததாக அப்பா இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார். ஊருக்குப் போகும்போது லித்தியத்தை ஐம்பது சதவீதத்தில், நிழலில் விட்டுப் போக வேண்டும். ஈயப் பேட்டரி என்றால் முழுசாக ஏற்றிவிட்டுப் போக வேண்டும். இரண்டையும் இப்போது அவரே பக்கத்து வீட்டாருக்கு வகுப்பெடுக்கிறார்.

பிளக் பாயிண்ட் விஷயத்தில் மட்டும் தொடக்கத்திலிருந்தே அவர் சொன்னதுதான் சரி. நான் ஹாலிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்துப் போட்டிருந்தேன். ஒருநாள் தொட்டுப் பார்த்து, பிளக்கைப் பிடுங்கிக் காட்டினார். பித்தளைக் கம்பி ஒன்றைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பாகி, ஓரத்தில் இளகி நின்றது. லூஸ் கான்டாக்ட். 2022 மார்ச்சில் வேலூரில் ராத்திரி சார்ஜில் போட்ட ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுமுட்டி அப்பாவும் மகளும் இறந்த செய்தி எங்கள் இருவர் நினைவிலும் இருந்தது. ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே அவர் போய் 16 ஆம்பியர் பாயிண்ட், தனி எம்சிபி, நல்ல எர்த் ஒயர் எல்லாம் வாங்கிவந்தார். வாசல் கதவையும் மாடிப்படியையும் விட்டுத் தள்ளி, காம்பவுண்டுச் சுவரோரம் மாட்டினார். தீ வந்தால் வெளியே ஓட வழி வேண்டும் என்பது காரணம்.

இதற்கிடையில் தம்பி ஒரு எலெக்ட்ரிக் லோடு ஆட்டோ எடுத்தான். ராத்திரி இரண்டரைக்குத் திருமங்கலம் பக்கம் போய்ப் பூ மூட்டை ஏற்றி மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் இறக்க வேண்டும். அவன் வண்டியில் இருப்பது எல்.எஃப்.பி., அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட். அந்த வகையில் செல்லின் வோல்டேஜ் பெரும்பாலும் 3.2, 3.3 என்றே நிற்கும், சார்ஜ் பாதியா முக்காலா என்று பிஎம்எஸ்ஸால் சரியாகக் கணிக்க முடியாது. வாரத்துக்கு ஒருமுறையாவது நூறு வரை ஏற்றினால்தான் அது தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். இதைக் கேட்ட அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. “என் கட்சிக்கும் ஒருத்தன் இருக்கான்” என்றார்.

இப்போது இரண்டு வண்டிக்கும் சார்ஜ் பொறுப்பு அவரிடம்தான். காலையில் வெள்ளன நாலரைக்கு எழுந்துவிடுவார். ராத்திரி முழுக்க ஆறின ஸ்கூட்டரை அப்போதுதான் சொருகுவார். நான் எட்டேகாலுக்குக் கிளம்பும்போது 80இல் நிற்கும். தினசரி காலண்டரில் அன்றைய தேதியைக் கிழிக்கும் முன் அதன் பின்பக்கத்தில் ‘ஸ்கூ 31-80, ஆட் 100’ என்று எழுதி, கிழித்த தாளைக் கம்பியில் குத்திவைக்கிறார். டிப்போவில் பேட்டரி நம்பர் போட்டு ரெஜிஸ்டர் வைத்திருந்தாராம், அதே மாதிரி.

வரும் வெள்ளிக்கிழமை ரீடிங் எடுக்க ஆள் வருவார். நேற்று ராத்திரி அப்பா மீட்டரைப் பார்த்துவிட்டு வந்து, “486 ஆச்சு, இன்னும் நாலு நாள் இருக்கு” என்றார். ஏசி ரிமோட்டை எடுத்துச் சாமி தட்டில் ஹைட்ரோமீட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். அம்மா அவர் பின்னாலேயே திட்டிக்கொண்டு படியேறினார்.