பேஸ்மட்டத்துக்கு முன்பே

தென்மாவட்டக் கிராமங்களில் மாற்றுத்திறனாளிகளின் வீடுகளைப் பார்த்து, எதை எப்படி மாற்றலாம் என்று சொல்வதுதான் என் வேலை. படித்தது சிவில். கட்டுமானத் தொழிலில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, மறுவாழ்வுப் பணி செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு வந்தேன். வந்த நாளிலிருந்து மனசு ஆறாத ஒரு விஷயம் உண்டு. எங்களைக் கூப்பிடும்போது வீடு எழும்பி முடிந்திருக்கும்.

அரசுத் திட்டங்களில் வீட்டுக்கான பணம் கட்டம் கட்டமாக வருகிறது. பேஸ்மட்டம், அதாவது வீட்டுத் தரை வரை எழுப்பும் அடித்தளம், முடிந்தால் ஒரு தவணை, பிறகு கதவு ஜன்னலுக்கு மேலே போகும் லிண்டல், கூரை என்று போகும். கலைஞர் கனவு இல்லம் என்றால் 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய். அதோடு அடகு வைத்த நகையும் கைமாற்றும் சேர்ந்துதான் வீடு நிற்கிறது. கூரை போட்ட பிறகு கழிப்பறைச் சுவரை இடிக்கச் சொன்னால் அந்தக் குடும்பம் பணத்துக்கு எங்கே போகும்? வானம் என்கிற அஸ்திவாரக் குழி தோண்டக் கயிறு பிடித்த அன்றே சொல்லியிருந்தால் கதவை அரை அடி கூடுதல் அகலமாக வைத்திருப்பார்கள். கூடுதல் செலவு என்று ஒன்றும் பெரிதாக இருந்திருக்காது. ஸ்விட்ச் போர்டு, தாழ்ப்பாள் எல்லாமே அப்படித்தான். பைப் பதிக்கும் முன் போர்டைக் கீழே இறக்கச் சொன்னால் எலக்ட்ரீஷியன் அப்படியே வைத்துவிடுவார். பூசிய பிறகு சொன்னால் சுவரைக் கொத்த வேண்டும்.

எல்லாவற்றிலும் சிக்கலானது பேஸ்மட்டத்தின் உயரம். மழைத் தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்பதால் 2 அடி உயர்த்துகிறார்கள். அது நியாயமான பயம். ஆனால் சாய்தளத்துக்கு ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது கணக்கு. 2 அடிக்கு 24 அடி வேண்டும். இரண்டு மூன்று சென்ட் மனையில் வாசலுக்கு நேராக அதற்கு இடமே இருக்காது. அதனால் நாலைந்து அடியில் செங்குத்தாக ஒரு சரிவு போட்டுவிட்டு, 'ராம்ப் போட்டாச்சு' என்பார்கள். அதில் பைக் ஏறும். சக்கர நாற்காலியில் இருப்பவர் தனியாக ஏறவே முடியாது, இறங்குவது அதைவிட ஆபத்து. மனையைப் பார்த்தபின் வரைபடம் போட்டால் வழி இருக்கிறது. சாய்தளத்தைப் பக்கச் சுவரோடு ஒட்டி ஓட்டித் திருப்பலாம். வானம் தோண்டிய மண்ணைக் கொட்டி முற்றத்தையே மெல்ல உயர்த்திக்கொண்டு வரலாம். தண்ணீர் தேங்காத மேட்டு நிலமென்றால் உயரத்தைக் குறைத்துவிடலாம்.

அப்புறம் நிலை. தலைவாசல் நிலைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, நல்ல நேரம் பார்த்து நிறுத்துகிறார்கள். அதன் கீழ்ப்படி தரைக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். அதை எடுத்துவிடுங்கள் என்று நான் எந்த வீட்டிலும் கேட்பதில்லை. ஒரு கொத்தனார்தான் சொன்னார்: "சார், படியைத் தரைக்குள்ள இறக்கி வச்சிடுறேன். மேல்பாகம் தரை மட்டத்துல தெரியும். அவங்க மஞ்சளும் பூசிக்கலாம், வண்டியும் போகும்." அதற்குப் பிறகு போகும் இடமெல்லாம் அதைத்தான் சொல்கிறேன்.

கழிப்பறையில்தான் மனிதர்களின் மானம் இருக்கிறது. இரண்டரை அடி நிலை வைத்தால், சட்டமும் கதவும் போக நிகரமாகக் கிடைக்கும் அகலத்தில் பல சக்கர நாற்காலிகள் நுழைவதில்லை. உள்ளே திரும்ப 5 அடி வட்டம் வேண்டும். குளியலறையும் கழிப்பறையும் தனித்தனியாக இருப்பதையே நம் ஆட்கள் விரும்புகிறார்கள். நடுச்சுவரை எடுத்துவிட்டு இரண்டையும் ஒன்றாக்கினால் அதே பரப்பில் அந்த வட்டம் கிடைத்துவிடும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால் அவர்மீதே கதவை எப்படித் தள்ளுவது?

அளவுகோல்கள் சொல்லாத ஒன்றை எனக்குச் சொல்லித் தந்தவர் சிறு வயதில் போலியோ வந்த ஒரு பெரியம்மா. "நாற்காலி தெருவுக்குத்தான் தம்பி. வீட்டுக்குள்ள நான் கை ஊனித்தான் நகருவேன்" என்றார். அவருக்கு உயரமான கம்மோடும் மேடையும் பயன்படாது. வழுக்காத, ஈரம் நிற்காத தரை வேண்டும். குழாய் கைக்கு எட்டும் தாழ்வில் இருக்க வேண்டும். பார்வையற்றவர் ஒருவருக்கோ சாய்தளமே தேவையில்லை, வழியில் திறந்து நிற்கும் ஜன்னல் கதவுதான் ஆபத்து. அதனால் வரைபடத்துக்கு முன் அந்த வீட்டில் வாழப்போகிறவரிடம் ஒரு நாள் முழுக்கப் பேச வேண்டும்.

இன்னொரு யோசனையை அடிக்கடி கேட்கிறேன். மாற்றுத்திறனாளிகள் எல்லோருக்கும் ஊருக்கு வெளியே ஒரே இடத்தில் நிலம் ஒதுக்கி, வசதியாக ஒரு காலனி கட்டிவிட்டால் என்ன? நல்லெண்ணத்தில் கேட்கிறார்கள் என்பது தெரியும். ஆனாலும் எனக்கு அதில் சம்மதமில்லை. பஸ் வராத, கடை இல்லாத, அத்தையும் மாமாவும் இல்லாத இடத்தில் 3 அடிக் கதவு யாருக்கு வேண்டும்? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் வீட்டுத் திட்டங்களில் 5 சதவீத ஒதுக்கீடும், அதில் பெண்களுக்கு முன்னுரிமையும் தருகிறது. அதே சட்டம் சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமையையும் தருகிறது. ஒன்றைக் காட்டி மற்றதைப் பறிக்கக் கூடாது. சென்னையில் தொடங்கிய, மனநலப் பணி செய்யும் 'தி பேன்யன்' அமைப்பின் 'ஹோம் அகெய்ன்' திட்டத்தில், நெடுங்காலம் மனநல மருத்துவமனைகளில் இருந்தவர்கள் சாதாரணத் தெருக்களில் உள்ள வாடகை வீடுகளில் நாலைந்து பேராகச் சேர்ந்து வாழ்கிறார்கள். துணைக்குப் பணியாளர்கள் உண்டு. அக்கம்பக்கத்தோடு வாழ முடியும் என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், தடையற்ற அணுகலை வெறும் வழிகாட்டுதலாக விட்டுவிட முடியாது, கட்டாய விதிகள் வகுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த விதிகள் அலுவலகம், ரயில் நிலையத்தோடு நின்றுவிடாமல் 360 சதுர அடி வீடு வரை வர வேண்டும் என்பது என் ஆசை. முதல் தவணைக்கு முன்பே, 'இந்த வீட்டில் மாற்றுத்திறனாளி இருக்கிறாரா, அவர் எப்படி நடமாடுகிறார்' என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி, அதைப் பார்த்து ஓவர்சீயர் எடுத்துக்கொடுக்க மாற்று வரைபடங்கள் சில. இது நாளைக்கே செய்யக்கூடிய வேலை.

சொந்த மனை இல்லாதவர்கள் விஷயத்தில் என் கை கட்டித்தான் கிடக்கிறது. வாடகை வீட்டில் கைப்பிடி மாட்டச் சுவரில் ஓட்டை போட வீட்டுக்காரர் விடுவதில்லை. தரைத்தள வீட்டுக்குப் போட்டி அதிகம், வாடகையும் அதிகம். மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகையில் எதைக் கொடுப்பது? கழற்றி எடுத்துப்போகும் மரச் சாய்தளம், கழிப்பறைக்கு நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி என்று ஏதோ சமாளிக்கிறோம். வாடகை வீட்டை மாற்றிக்கொள்ளவும் அரசு உதவி தர வேண்டும். வீட்டைக் காலி செய்யும்போது கைப்பிடியைக் கழற்றி, ஓட்டையைப் பூசிக் கொடுக்கும் செலவும் அதில் சேர்ந்திருந்தால் நிறைய வீட்டுக்காரர்கள் சரி என்பார்கள்.