தடைக்காலம் முடியும் வாரம்

ஜூன் 9
டியூஷன் முடிந்து எல்லாரும் போயாச்சு. அவள் மட்டும் பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருந்தாள். அப்புறம் சொன்னாள். நான் கேட்ட முதல் கேள்வி, “ஏன்டி அனுப்பின?” அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

ஜூன் 10
தூக்கமே இல்லை. பத்தாவது படிக்கிற பிள்ளை. ஒருத்தனை நம்பித் தன் அந்தரங்கப் படத்தை அனுப்பியிருக்கிறாள். அதை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டவன் அவன். கேள்வி கேட்டது மட்டும் இவளிடம்.

ஜூன் 11
குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசினேன். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி 18 வயது ஆகாத எல்லாருமே குழந்தைதான். தெரிந்தும் புகார் சொல்லாமல் இருந்தால் அதுவும் குற்றம். வாக்குமூலம் வாங்க போலீஸ் சீருடையில் வரக் கூடாது, வீட்டிலேயே வைத்துக் கேட்கலாம், பிள்ளையின் பெயர் வெளியே வரக் கூடாது. அவள் அம்மாவிடம் மூன்று தடவை சொன்னேன். அவருக்கு ஒரே கவலை. “அவங்கப்பா கடலுக்குப் போயிடட்டும் மிஸ்.” ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடை. காசிமேட்டில் படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது, மனுஷன் வீட்டிலேயே இருக்கிறார். 14-ம் தேதி ராத்திரிதான் கிளம்புவார்.
மூன்று நாள். அதற்குள் அந்தப் படம் எத்தனை போனுக்குப் போகும்?

ஜூன் 12
காத்திருக்கவில்லை. புகார் கொடுத்துவிட்டோம், அம்மாவும் வந்தார். ஆதாரம் என்று சொல்லிக்கூட அந்தப் படத்தை யாரும் யாருக்கும் அனுப்பக் கூடாது. யார், எந்த நம்பர், எப்போது என்பதை மட்டும் எழுதிக்கொண்டோம். இந்த மாதிரிப் படங்கள் இணையத்தில் பரவாமல் தடுக்க உதவும் ‘டேக் இட் டவுன்’ தளத்திலும் அவள் போனிலிருந்தே பதிவு செய்தோம். படம் போனை விட்டு வெளியே போகாது, கைரேகை மாதிரி ஓர் அடையாளக் குறி மட்டும் போகும். இன்ஸ்டாகிராமில் யாராவது ஏற்றினால் அதை வைத்துப் பிடிக்கலாம். வாட்ஸ்அப்புக்குள் சுற்றுவதை அதனால் பிடிக்க முடியாது. அதையும் மறைக்காமல் அவளிடம் சொன்னேன்.

ஜூன் 13
ஏன்டி அனுப்பின.

ஜூன் 14
இன்று பையன்களை மட்டும் உட்கார வைத்துப் பேசினேன். இத்தனை வருஷமாகப் பெண் பிள்ளைகளிடமே ‘அனுப்பாதே’ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவில் 18 வயது ஆகாதவர்களின் ஆபாசப் படத்தை பார்வேர்டு செய்வது மட்டுமில்லை, தேடிப் பார்ப்பதும் டவுன்லோடு செய்வதும்கூடக் குற்றம் என்றேன். பின்வரிசையில் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டே, “நான் உடனே அழிச்சிட்டேன் மிஸ்” என்றான்.
நான் இந்தப் படம் என்று எதையும் குறிப்பிட்டுச் சொல்லவே இல்லை.

ஜூன் 15
படகு போய்விட்டது. அவள் அப்பா போகவில்லை. காலையிலேயே வாசலில் வந்து நின்றார். “பாப்பா சோறு துண்ண மாட்டேங்குது மிஸ். அதாண்ட நான் இன்னா கேக்கணும், இன்னா கேக்கக் கூடாது, அத்த மட்டும் சொல்லுங்க.”

ஜூன் 16
ரெண்டு வாய் சாப்பிட்டாளாம்.